கோடி வீட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம்

இல்லண்ணே, தாழ்ப்பாள்லாம் வேணாம். மொதல்ல உள்ள வாங்க, வந்து வீட்டப் பாருங்க. வந்ததும் வராததுமா கதவப் புடிச்சி ஆட்டிப் பாத்துக்கிட்டு நின்னா எப்படி. கதவு நல்ல கதவுதான். சுத்தி கம்பி வேலி, வேலி நெடுக லைட்டு, கேட்டுல துப்பாக்கியோட காவலுக்கு ஜாகாக்காரன். இதுக்கு மேல தாழ்ப்பாள் போட்டு நான் என்னத்தப் பூட்டி வைக்கப் போறேன், ரெண்டு சட்டி, ஒரு பாயி.

அந்தப் பக்கம் உக்காராதீங்க. இப்படி எனக்கு வலது பக்கமா வாங்க. ஆமா, அந்தப் பலகையில. தகரக் கூரையா, காத்தடிச்சா படபடன்னு அடிக்கும், பேசறது சரியா கேக்காது. கோப்பி குடிங்க. சீனி கம்மிதான், கோவிச்சுக்காதீங்க. சீனிய அளந்துதான் குடுக்கறானுங்க, காட்டுல துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கற காட்டுக்காரனுங்களுக்குப் போயிடுமோன்னு. சோத்தக்கூட நம்மள ஆக்க விடறதில்ல, பொதுக் கொட்டாயில ஆக்கறதத்தான் வாங்கித் திங்கறோம். நீங்க முன்ன இருந்த ரந்தாவ் தோட்டத்துலயும் இப்படித்தானா? ம்ம். எங்க போனாலும் ஒரே சூசா, ஒரே தொல்லதான்.

சரி, வந்த விசயத்தப் பேசுவோம். வேல வாங்கற மண்டோர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? என்னது, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. ஆங். அவ்வளவுதானா. அந்த ஆளு எதையும் பாதிதான் சொல்லுவாரு, மீதிய நானே சொல்லிடறேன். எனக்கு இனி பால் வெட்ட ரப்பர் மரம் இல்லேன்னுட்டாங்க. வயசாயிருச்சாம், வெட்டு ஆழமா விழுதாம், பட்டையக் கெடுக்கறேனாம். இருக்கட்டும், கையி நடுங்கறது எனக்கே தெரியும், அதுக்கு நான் சண்டைக்கிப் போவல. ஆனா மரம் போனா வீடும் போச்சு, அதான் இங்க சட்டம். லயத்து வீடு வேல செய்யறவங்களுக்கு. வேல இல்லாதவ, வேல செய்யற யாரு வீட்டுலயாச்சும் ஒண்டிக்கிட்டாத்தான் உண்டு. மாசக் கடைசிக்குள்ள சாவியக் கொண்டாந்து குடுன்னுட்டாரு ஆபீசுல கணக்கெழுதற கிராணி. பூட்டே இல்லாத வீட்டுக்கு எந்தச் சாவிய சார் குடுக்கறதுன்னு கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரல.

நீங்க ரப்பர் காய வைக்கிற பொகைக் கொட்டாயில வேல பாக்கறீங்க. இன்னும் பல வருசம் ஓடும். நாளைக்கி விடியக்காலம் பெரட்டுல ஆளுங்க பேரு கூப்புடற நேரம், நான் லயத்துக் கடைசியில கோடி வீட்டுல முத்தாயியோட இருந்துக்கறேன், அந்த வீட்ட என் பேருல போடுங்கன்னு கிராணிகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். வீடு உங்களுது. நான் உங்க வீட்டுல ஒண்டிக்கிட்டவ. உங்களுக்கும் அந்தத் தனிக்கட்டைங்க ரூம்புலேருந்து விடுதல, மூட்டப்பூச்சியும் சீட்டாட்டமும், குடிச்சிட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் விழறதும். இங்க அதெல்லாம் கெடையாது. துணி தொவைச்சிப் போடறேன், சொகமில்லேன்னா கஞ்சி வெச்சித் தரேன். நாளைக்கி உங்களுக்கும் வேல இல்லேன்னு சொல்ற நாளு வரும்ல, பொகைக் கொட்டாயி மட்டும் என்ன மாமியார் வீடா. அதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து பெடாஸ் பக்கம் ஒரு குடிசைக்கி வழி பண்ணிக்கலாம். அப்துல் மஜீத் பாய் கடைக்கிப் பின்னால எடம் இருக்கு, போட்டுக்கம்மான்னு சொல்லியிருக்காரு. ஆனா ஒண்ணு, எங்க போனாலும் இந்தக் கதவையும் தூக்கிக்கிட்டுத்தான் போவணும்.

சிரிக்காதீங்க. கல்யாணம் காட்சின்னுலாம் யாரும் நெனக்க வேணாம். வயசுல நீங்க எனக்குச் சின்னவரு, இருந்தும் மொத நாள்லேருந்து அண்ணேன்னுதானே கூப்புடறேன். யோசிச்சுத்தான் அப்படிக் கூப்புட்டேன். ஊரு வாய மூட அது போதும். பக்கத்து வீட்டு ராக்கம்மா வாய மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. அவ உங்ககிட்ட என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா? இல்லியா. நீங்க முழிக்கிற முழியப் பாத்தா சொல்லியிருக்கான்னுதான் தோணுது. சரி, விடுங்க. கிறுக்கின்னு சொல்லியிருப்பா. அதுவும் எனக்கு ஒத்தாசைதான், கிறுக்கி வீட்டுக்கு யாரும் வந்து பொறணி பேச மாட்டாங்க.

இருங்க. இப்ப வெளிய ஏதாச்சும் சத்தம் கேக்குதா உங்களுக்கு? சைக்கிளா. எந்தப் பக்கம்? ஆபீசுப் பக்கமா வருதா, போவுதா? சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

வயசாவறதப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் யோசிக்கறதில்லண்ணே. வெட்டற வரைக்கும் வெட்டுவோம், அப்பறம் ஒரு நாளு பெரட்டுல நம்ம பேரு வரலேன்னா அங்கயே நின்னு முழிப்போம். கப்பலேறி சொந்த ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. கணேசமூர்த்தி கங்காணி அப்படித்தான் போனாரு. பொறந்த மண்ணுல போயி கண்ண மூடறேன்னு மால மரியாதையோட போனவருக்கு அங்க தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல. கோயில் மண்டபத்துல கெடந்துட்டு, திரும்பி வந்து சிரம்பான் ஆஸ்பத்திரியில செத்தாரு. என்கூட பால் வெட்டின மங்கம்மா, அவ மக வீட்டுக்குப் போனா. அடுப்படியில பாயி, பேரப்புள்ளைங்க எந்திரிக்கும் முன்னயே சுருட்டி வெச்சிடணும். கோவமில்லாமத்தான் சொன்னா அதையும்.

எனக்கு எடமில்லாம இல்ல. நீலாயில எங்கக்கா மவன் மணியம் இருக்கான், லோரி ஓட்டறான். பலகை வீடு, எனக்குன்னு தனி ரூம்பே வெச்சிருக்கான். போன மாசம் லோரியக் கொண்டாந்து கேட்டுல நிறுத்திட்டு, சின்னம்மா சாமான ஏத்துங்கன்னு நின்னான். நல்ல புள்ள. நான்தான் வரலேன்னுட்டேன். மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போனான். ஏன் போவலையா? அந்த ஊரு வெயிலு எனக்கு ஒத்துக்காதுண்ணே. அங்க தண்ணியும் ஒரு மாதிரி. அதுவுமில்லாம அந்த வீட்டுக்குக் கதவு ஏற்கெனவே இருக்கு.

எந்திரிங்க, வீட்டச் சுத்திக் காட்டறேன். எங்க வீட்டுக்காரரு பாத்துப் பாத்துப் பண்ணி வெச்சது. ரெண்டு வருசம் ஆச்சு அவரு போயி. இந்த வாசலப் பாருங்க, படி இருந்த எடத்துல மண்ணப் போட்டு, கல்லப் போட்டு, சரிவா பண்ணிட்டாரு. நாளைக்கி காலு தூக்க முடியலேன்னாலும் இழுத்துக்கிட்டே வந்துடலாம். இந்தக் கயிறு, பாயிலேருந்து கதவு வரைக்கும் செவத்தோட ஓடுது பாருங்க, இருட்டுல புடிச்சிக்கிட்டே நடக்கறதுக்கு. லைட்டு அணைஞ்சாலும், கண்ணே போனாலும் கதவுகிட்ட வந்து சேந்துடலாம். தண்ணி புடிச்சி வைக்கிற தோங்கு இங்க கைக்கெட்டற தூரத்துல. கக்கூசுக்கு நாலு வீடு தாண்ட வேணாம், பின்னாலயே. வேற எந்த லயத்து வீட்டுலயாச்சும் இத்தன வசதி பாத்திருக்கீங்களா? தொரை ஒரு தடவ வந்து பாத்துட்டு, கிழவன் கெட்டிக்காரன்னு சொல்லிட்டுப் போனாராம்.

கோடி வீடு எப்படிக் கெடச்சுதுன்னா, யாரும் வேணாம்னதால கெடச்சுது. வேலிக்கி இதான் பக்கம். மலையிலேருந்து சுட்டா மொத குண்டு இங்கதான்னு எல்லாருக்கும் பயம், எல்லாரும் நடு வீட்டுக்கு அடிச்சிக்கிட்டாங்க. நாங்க கோடி வீட்டக் கேட்டு வாங்கினோம். அந்தச் சன்னல்ல வந்து பாருங்க. வேலிக்கு அந்தாண்ட லாலான் புல்லு மூடிக் கெடக்குதே, உத்துப் பாத்தா ஒரு தடம் தெரியும். அது மேல டிவிசனுக்குப் போற வழி. நாங்க அங்க இருந்தவங்க. மலை அடிவாரத்துல ஒரே ஒரு லயம். வேலி போட்டு எல்லாரையும் இங்க அடைச்சப்ப லோரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. காலைல சொன்னானுங்க, பொழுதடையறதுக்குள்ள லயத்த இடிச்சிப்புட்டானுங்க. காட்டுக்காரனுங்க வந்து தங்கிடக் கூடாதாம். அவனவன் ஆட்டயும் கோழியவும் லோரியில ஏத்தினான். நாங்க கதவ ஏத்தினோம். ஆமாண்ணே, இந்தக் கதவுதான். கூட வந்த சிப்பாயி சிரிச்சான். இங்க இருந்த புதுக் கதவக் கழட்டிப் போட்டுட்டு இத மாட்டினாரு. கரையான் அரிக்காத மரம், அதான்.

பசியாற ஏதும் இல்ல, இந்த வள்ளிக்கெழங்கு மட்டும் இருக்கு. எடுத்துக்குங்க. காலைல ஏரோபிளேன் வந்துச்சே, பேசிக்கிட்டே சுத்துச்சே, கேட்டீங்களா? என்ன சொன்னான்? காட்டுல இருக்கறவங்கல்லாம் வெளிய வாங்க, அடிக்க மாட்டோம், சோறு தருவோம்னா. சீனத்துல சொன்னானா, தமிழ்லயும் சொன்னானா? கடைசியில ரெண்டு வார்த்த தமிழ்லயா. உங்களுக்குத் தெளிவா கேட்டுச்சுல்ல? பேரு ஏதும் சொன்னானா? இல்லியா. சரி. நல்ல காது உங்களுக்கு. எனக்கு என்னமோ வண்டு மாதிரிதான் இருந்துச்சு. அவனும் எத்தன தடவதான் கூப்புடுவான் பாவம். கூப்புடறது ஆகாசத்துல, கேக்கறவன் காட்டுல, நடுவுல மழையும் மரமும்.

உங்க பாயி இங்க. இல்லண்ணே, அந்த மூலை என்னுது. நீங்க கதவுகிட்டத்தான் படுக்கணும். காத்து நல்லா வரும். அவரும் கடைசி வரைக்கும் இங்கதான் படுத்தாரு, தலையக் கதவுப் பக்கம் வெச்சி. கூச்சப்படாதீங்க, நடுவுல சாக்கு கட்டிடலாம்.

மறுபடியும் தாழ்ப்பாளா. உங்களோட ரோதனையா போச்சு. பொம்பள தனியா இருந்த வீடு, தாழ்ப்பாள் இல்லாம எப்படி இருந்தேன்னுதானே கேக்கறீங்க. இல்லாம இல்ல. இருக்கு. அதோ பரண்மேல, சாமி படத்துக்குப் பின்னால காயிதத்துல சுத்தி வெச்சிருக்கு பாருங்க. கைய வைக்காதீங்க. பிரிக்காதீங்கண்ணே, அந்தக் காயிதம் தொட்டாலே உதுந்துடும். வெச்சிடுங்க. ஆங், அப்படியே. அந்தத் தாழ்ப்பாள் இந்தக் கதவுக்குன்னு வாங்கினதுதான். மாட்டல.

வாங்கினது எங்க சந்திரன். ஆமா, என் மவன். ஒரே மவன். ராக்கம்மா அதயும் சொல்லிட்டாளா, சொல்லலியா? எப்படியும் நான் சொல்றதுதான் சரி. அவன் இருக்கறான், நமக்கு என்ன கொறன்னுதான் நாங்க இருந்தோம். வயசான காலத்துக்கு வேற என்னத்த யோசிக்கறது. அவனுக்கு ஒரு பொண்ணக் கட்டி, லயத்துல அவன் பேருல வீடு இருக்கும், ஒரு மூலையில நாங்க. அந்த மூலையிலயும் பயமில்லாம படுக்கணும்னு சந்திரன் அப்பாவுக்கு ஒரு நெனப்பு. அப்பத்தான் காட்டுக்காரனுங்களோட இந்தக் கலவரம் ஆரம்பிச்ச நேரம். மேல டிவிசன்ல கதவுக்கு ஒரு கயித்தத்தான் மாட்டி வைப்போம். நல்லா இரும்புல ஒரு தாழ்ப்பாள் போட்டுட்டா, நம்ம காலம் முடியற வரைக்கும் கவலையில்லேன்னு சொல்லி, பாசார் நாளுல பையன பெடாசுக்கு அனுப்பிச்சாரு.

நம்ம ஆளுங்க வழக்கம் ஒண்ணு இருக்குல்ல, விளக்கு வெச்ச பொறவு வாசல்ல யாரு கூப்புட்டாலும் ஒடனே தொறக்கக் கூடாது. செத்ததுங்க ரெண்டு தடவதான் கூப்புடும், மூணாவது தடவைக்கி அதுக்கு வாயி வராது. மூணு கேட்டாத்தான் மனுசன். உங்க ஆத்தாவும் சொல்லித்தானே வளத்திருப்பாங்க. கலவரம் வந்ததும் அந்த வழக்கம் இன்னும் கெட்டியாப் போச்சு. காட்டுக்காரனுங்க பேரு சொல்லிக் கூப்புட்டு, தொறந்தவன இழுத்துக்கிட்டுப் போறானுங்கன்னு பேச்சு. மூணு எண்ணிட்டுத் தொறங்கன்னு மண்டோரே வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாரு. பேய்க்கும் அதுதான், ஆளுக்கும் அதுதான்னு ஆயிருச்சு.

அன்னைக்கி மழைண்ணே. நம்ம மழைதான் தெரியுமே, பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. பஸ்ஸு வரலியோ, இல்ல வழியில நிறுத்திட்டானுங்களோ, ஊரடங்கு நேரம் தாண்டிருச்சு, பையனக் காணோம். மஜீத் பாய் கடையிலயே தங்கிட்டான் போலன்னு நாங்களா நெனச்சிக்கிட்டோம். நான் அப்பத்தான் விளக்க ஏத்தினேன். குச்சி இன்னும் கையில எரியுது. அம்மான்னான். வாசல்லேருந்து. நான் எந்திரிச்சிட்டேன். அவரு என் மணிக்கட்டப் புடிச்சிக்கிட்டாரு. பொறு, மூணு வரட்டும்னாரு. ரெண்டாவது தடவ அம்மான்னான். அது கொஞ்சம் சின்னதா கேட்டுச்சு. நான் கைய இழுக்கறேன், அவரு விடல. கோவமா இல்ல, பயத்துல புடிச்சிருந்தாரு. ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். மூணாவது வரல.

கொஞ்ச நேரம் கழிச்சி அவரே கயித்த அவுத்தாரு. மழை மட்டும் இருந்துச்சு. படியில காயிதப் பொட்டலம் ஒண்ணு, நனஞ்சி. விளக்குல கொண்டாந்து பாத்தா தாழ்ப்பாளு, நாலு ஸ்குரூ. விடிஞ்சதும் லயமே ஒண்ணு கூடிருச்சு. பேயிதான் கூப்புட்டுச்சு, நல்ல வேள தொறக்காம இருந்தீங்க, பையன் பெடாசுல பத்திரமா இருப்பான்னு ஆளாளுக்குத் தேத்தினாங்க. பேயி எங்கயாச்சும் கடைக்கிப் போயி தாழ்ப்பாள் வாங்கிக்கிட்டு வருமா, சொல்லுங்க.

தேடாத எடமில்லண்ணே. காட்டுக்காரனுங்கதான் கொண்டுட்டுப் போயிருப்பானுங்கன்னு ஒரு பேச்சு. சிப்பாயிங்க புடிச்சிருப்பாங்கன்னு ஒரு பேச்சு. பையன் தானாவே காட்டுக்குப் போயிட்டான்னு சொல்லி, அவர இழுத்துக்கிட்டுப் போயி போலீசு மாத்தாங்க ரொம்ப நாளு விசாரிச்சானுங்க. வந்தவரு பல்லு ரெண்டு இல்லாம வந்தாரு. எனக்கு அதெல்லாம்கூட வலிக்கலண்ணே. ஒரே ஒரு நெனப்புதான் கொடையும். யாராச்சும் வாயப் பொத்தித்தான் மூணாவது வராம போச்சுன்னா அது வேற. அப்படியில்லாம, மழையில நின்னு ரெண்டு தடவ கூப்புட்டுட்டு, சரி, தொறக்க மாட்டாங்க போல இருக்குன்னு அவனே திரும்பிப் போயிருந்தா?

அவரத் திட்டினீங்களான்னு கேக்கறீங்களா. இல்ல. ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா செத்துப் போயிருப்பாரு. அவரு பாட்டுக்குக் கதவக் கழட்டினாரு, லோரியில ஏத்தினாரு, இங்க மாட்டினாரு. எடம் மாறிப் போச்சு, லயம் மாறிப் போச்சு, பையன் வந்தா எந்த வீடுன்னு எப்படிக் கண்டுபுடிப்பான். கதவப் பாத்தாத் தெரியும். அந்தத் தடத்துல எறங்கி வந்தா மொத வீடு இதுதான். வேலியத் தாண்டணும்தான். வரணும்னு இருக்கறவன் வருவான். படி எடுத்ததும் கயிறு கட்டினதும் எல்லாம் வயசான காலத்து வசதிக்கின்னு ஊருக்குச் சொல்லிட்டாரு. நானும் அப்படியே சொல்லிட்டேன். பாதி அதுவும் உண்மைதான், எனக்கு முட்டிவலி இருக்கு.

கயிறு எதுக்குன்னா, கூப்புட்டதும் தடுமாறாம வேகமா கதவுகிட்ட வரணும்ல. அதுக்குத்தான்.

கூப்புடறானான்னு கேக்கறீங்க. கூப்புடறாண்ணே. ராக்கம்மா சொன்ன கிறுக்கு அதுதான். தெனமும் இல்ல. மழ பெய்யற நாளுல, விளக்கு வெச்ச கையோட. ஒரு தடவதான். அம்மான்னு. அவரு எத்தனையோ தடவ எந்திரிச்சிப் போயித் தொறந்தாரு. யாரும் இருக்க மாட்டாங்க, வேலியும் லைட்டும்தான். ஜாகாக்காரன் டார்ச்ச அடிச்சி, பாட்டா கதவ மூடு, சுட்டுடுவானுங்கன்னு சத்தம் போடுவான். மறுநாளும் தொறப்பாரு. சாவறதுக்கு முந்தின வாரம் என்னக் கூப்புட்டு, புள்ள, இப்பல்லாம் பக்கத்துலேருந்து கேக்குதுன்னாரு. சந்தோசமாத்தான் சொன்னாரு. அப்பறம் ஒரு நாளு விடியக்காலம் பாக்கறேன், கதவுல முதுகச் சாச்சி உக்காந்தபடியே போயிட்டாரு. கதவு தொறந்திருந்துச்சு.

அவருக்கப்பறம் நான் கதவுகிட்ட படுத்தேன். எனக்கும் கேட்டுச்சு. நானும் எந்திரிச்சித் தொறந்தேன், ஒரு தடவ தவறல. செத்துட்டானா, உசுரோட இருக்கானான்னு எனக்குத் தெரியாதுண்ணே. ரெண்டுல எதுவா இருந்தா என்ன, எம் புள்ள கூப்புட்டா கதவத் தொறக்கணுமா இல்லியா? செத்தவனா இருந்தா மூணு தடவ கூப்புட முடியாது. உசுரோட இருந்தா மூணு தடவ கூப்புட விட மாட்டானுங்க. அப்ப ஒண்ணுலயே தொறந்துடறதுதானே ஞாயம்.

இந்த வருசந்தான் சங்கடமாப் போச்சு. பெரட்டு மணி அடிக்கறதே எனக்குக் கேக்கல. ரெண்டு மூணு நாளு லேட்டாப் போயி நின்னேன், அதுல ஆரம்பிச்சிதான் கிராணி கண்ணுக்கு என் வயசே தெரிஞ்சுது. இடது காது சுத்தமா இல்ல. வலது காதுல, நீங்க இப்படிப் பக்கத்துல உக்காந்து சத்தமா பேசினா பாதி விழுது, மீதிய உங்க வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கறேன். போன மழைக் காலம் முச்சூடும் எனக்கு ஒண்ணுமே கேக்கலண்ணே. அவன் கூப்புடலியா, கூப்புட்டும் எனக்குத்தான் கேக்கலியா. அவரு இருந்தாலாச்சும் கேக்கலாம். ராத்திரி முழுக்கக் கதவத் தொறந்து போட்டுட்டு உக்காந்தா ஜாகாக்காரன் வந்து மூடிடறான். அது அவன் வேல.

கஞ்சி ஊத்த ஆளு வேணும்னா நான் நீலாய்க்கிப் போயிருப்பேன். நீங்க ரந்தாவுலேருந்து வந்த புதுசுல, ஸ்டோர் மிசினு ஓடற சத்தத்துல, வெளிய ஆட்டுக்குட்டி கத்துதுன்னு நீங்க மட்டும் திரும்பிப் பாத்தீங்க. வேற ஒருத்தருக்கும் கேக்கல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவருதான்னு. மண்டோர்கிட்ட சொல்லி விட்டதும் அதனாலதான். எனக்கு உங்ககிட்ட வேற ஒண்ணும் வேணாம். விளக்கு வெச்ச பொறவு கதவுகிட்ட இருங்க. கேட்டா எந்திரிச்சித் தொறங்க. யாரும் இல்லேன்னா மூடிட்டு வந்து படுத்துக்குங்க. என்ன மட்டும் தட்டி எழுப்பி, கூப்புட்டான்னு சொல்லிடுங்க. அது போதும்.

என்ன, தூத்தல் போடுதா? கையில விழுது பாருங்க, அந்த ஓட்டையத்தான் அடைக்கணும். இருங்க, விளக்க ஏத்திட்டு வரேன். நீங்க யோசிச்சிச் சொல்லுங்க, இப்பவே சொல்லணும்னு இல்ல, நாளைக்கிப் பெரட்டுல சொன்னாப் போதும். இந்தக் குச்சி வேற நமுத்துப் போச்சு. ஆங், புடிச்சிக்கிச்சு.

ஏண்ணே, கோப்பிய ஏன் கீழ வெச்சிட்டீங்க? அங்க என்ன பாக்கறீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. என்னப் பாத்துச் சொல்லுங்க, வாயி தெரியல. ஏதாச்சும் கேட்டுச்சா? ராக்கம்மாவா இருந்தாலும் இருக்கட்டும், நாயா இருந்தாலும் இருக்கட்டும். அப்படியே நிக்காதீங்கண்ணே. ரெண்டாவது வரட்டும்னு நிக்காதீங்க. தொறங்க.